வலிக்கிறது என்று சொல்லாத மூன்று நாள்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து மலையில் கொழுந்து மூட்டையோடு இறங்கும்போதுதான் என் வலது முழங்கால் முதலில் மக்கர் பண்ணியது. இரண்டு வருடம் தைலம் தடவிச் சமாளித்தேன். கடைசியில் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்து மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தார்கள். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. மறுபடி மலையேற வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஆபரேஷன் முடிந்ததும் தொடையில் மெல்லிய குழாய் ஒன்று வைத்தார்கள். வலி கூடினால் அதன் வழியே மரப்பு ஊசி (அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்து) போடுவார்கள். வலி அடங்கியதும் காலை மடக்கிப் பழக வேண்டும். மடக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். குழாய் மூன்று நாள்தான் இருக்கும்.

நர்ஸ் வந்து கேட்பார்.

"அம்மா, வலி பத்துக்கு எவ்வளவு?"

"பரவாயில்லைங்க மிஸ்."

"ஊசி போடவா?"

"வேணாங்க. தாங்கிக்கிறேன்."

உண்மையில் உயிர் போனது. ஆனால் முப்பது வருடம் தோட்டத்தில் பழகிய வாய் அது. காலையில் பெரட்டில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) வலி என்று முனகினால், 'வீட்டுக்குப் போய்ப் படு' என்று கங்காணி அனுப்பிவிடுவார்; அன்றைய கூலி போச்சு. காய்ச்சலோடும் சிரித்துக்கொண்டு நிற்போம். வார்டிலும் எனக்கு அதே பயம். வலி என்றால், இவள் மலை வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்களோ?

பயிற்சி கொடுக்க வந்தவரிடம், "இப்பதாங்க மடக்கினேன்" என்று கூசாமல் பொய் சொன்னேன். மூன்று நாளும் காலை நீட்டியபடியே கிடந்தேன். என்னை நம்பிக் குழாயை எடுத்துவிட்டார்கள்.

ஆறாம் வாரம் டாக்டரம்மா மடக்கிப் பார்த்தார். கால் பாதிகூட மடங்கவில்லை.

"ஊசி இருந்துச்சே அம்மா, ஏன் கேக்கல?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் நின்ற மகள்தான் வெடித்தாள்.

"கங்காணிகிட்ட மறைச்சீங்க, சரி. மருந்து குடுக்கிறவங்ககிட்டயுமாம்மா?"

பிறகு மயக்கம் கொடுத்து மடக்கிப் பார்த்தார்கள். முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக மடங்கியது. மலைக்கு அது போதாது.

இதே ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களே, கேட்கும்போது வலியை உள்ளபடி சொல்லுங்கள். எனக்கு அந்த மூன்று நாள் திரும்பி வராது. நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

இப்போது லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லோரும் வேலைக்குப் போனபின் நாள் நகர்வதே இல்லை. போகுமுன் மகள் என் வலது பாதத்தைக் கழுவித் துடைத்துவிடுகிறாள். என் கை அதுவரை எட்டுவதில்லை. மறுநாள் காலை அவள் வரும்வரை அந்தப் பாதத்தை யாரும் தொடுவதில்லை, நானும்தான்.