கட்டிலடியில் ஒளித்த செடி

இருதயமேரியின் வாசலில் மண்ணெண்ணெய்த் தகரத்தில் நின்ற செடி, அவள் புருஷன் லாசரின் தலையையும் தாண்டி வளர்ந்துவிட்டது. மழைக்காலமே முடியப்போகிறது, ஒரு பூவைக் காணோம். இலைதான் ஐந்து விரலாக விரிந்து நின்றது, அச்சு அசல் கஞ்சா இலை. தாராவியில் அந்த இலை தெரியாதவர் யார்? சந்து முழுக்க அதே குசுகுசு.

லாசரோ சாராய வழக்கில் ஆறு மாதம் உள்ளே இருந்து வந்தவன். இன்னொரு வழக்கு விழுந்தால் பம்பாயிலேயே இருக்க விடமாட்டோம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

"பிடுங்கி எறிட்டி! என்னைய மறுபடி உள்ள தள்ளாம ஒனக்குத் தூக்கம் வராதா?"

"பூவைக் கண்ணால பாத்துட்டுத்தான வெதை கொண்டாந்தேன்? செம்பருத்திச் சாதிங்க இது. பொறுங்க."

செம்பூரில் அவள் பாத்திரம் தேய்க்கும் பங்களாவில் பார்த்த பூ. உள்ளங்கை அகலம், ரத்தச் சிவப்பு. தோட்டக்காரர் பிச்சையாதான் காய்ந்த காய் ஒன்றைக் கொடுத்து, விதைத்தோலைத் தரையில் உரசி ஊறப்போட்டு நடச் சொன்னார். பூக்க ரொம்ப நாளாகும் என்றும் சொல்லியிருந்தார். முளைத்தது ஒன்றே ஒன்று. குழாயடியில் மல்லுக்கட்டிக் கொண்டுவரும் தண்ணீரில் அதற்கு ஒரு சொம்பு ஊற்றி வளர்த்தவளுக்குப் பிடுங்க மனசு வருமா?

ஒரு நாள் காலை சந்து முனையில் பூட்ஸ் சத்தம். போலீஸ் ஹவல்தார்! லாசர் வாசலுக்குப் பாய்ந்தான். செடியை வேரோடு பிடுங்கி உள்ளே இழுத்துப்போய்க் கட்டிலடியில் திணித்தான். பாதிதான் நுழைந்தது. ஹவல்தார் வந்ததென்னவோ பக்கத்து வீட்டுக் குழாய்ச் சண்டையை விசாரிக்க. வாசல் நெடுகச் சிதறிக் கிடந்த மண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"க்யா சுபாயா ரே?"

என்ன ஒளித்தாய் என்று கேட்டவர், இலையைப் பார்த்ததும் லாசரின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

பாவி மனுஷன், சும்மா நின்றிருந்தால் அவர் பாட்டுக்குப் போயிருப்பாரே! இருதயமேரி கட்டிலடியில் குனிந்தாள். இலைகளைக் கொத்தாகப் பறித்தாள், தண்ணீர் தெளித்துக் கசக்கினாள். கொழகொழவென்று வழிந்தது. கொண்டையை அவிழ்த்து, பூசைக்குப் போக ஞாயிற்றுக்கிழமை தலை முழுகுகிறவள்போலத் தேய்க்கவே ஆரம்பித்துவிட்டாள். மிச்சத்தை ஹவல்தாரின் உள்ளங்கையில் அப்பினாள்.

"மோந்து பாருங்க! சூங்கோ சாப், சூங்கோ!"

அவர் முகர்ந்தார். விரல்களை உரசிப் பார்த்து மறுபடியும் முகர்ந்தார். வாசலில் சனம் கூடிவிட்டது.

"ஜாஸ்வந்த்," என்றார் கடைசியில். மராட்டியில் செம்பருத்திக்கு அதுதான் பேர். தன் வீட்டிலும் இதைத்தான் தலைக்குத் தேய்க்கிறார்கள் என்று முனகிக்கொண்டே, கையை லாசரின் சட்டையில் துடைத்துவிட்டுப் போனார்.

லாசர் செடியைத் திரும்ப நட்டான். வேர் அறுந்த செடி நிற்குமா? மத்தியானத்துக்குள் துவண்டுவிட்டது. உச்சியில், இத்தனை நாள் யார் கண்ணிலும் படாத ஒரு மொட்டு பருத்திருந்தது. அதைக் கிள்ளி டம்ளர் தண்ணீரில் போட்டாள் இருதயமேரி. அழுகைதான் வந்தது.

விடிந்தபோது மொட்டு விரிந்திருந்தது. உள்ளங்கை அகலம், ரத்தச் சிவப்பு. லாசர் அதன் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தான். பிறகு எழுந்து சட்டையை மாட்டினான்.

"மேரி, அந்த பங்களா செம்பூர்ல எந்தப் பக்கம்?"

"ஸ்டேசன்ல எறங்கி பிச்சையா அண்ணன் பேரைச் சொல்லிக் கேளுங்க," என்றாள் அவள், திரும்பிப் பாராமலே. "வெதையைக் கையில வச்சுக்கிட்டு, போலீசைக் கண்டா ஓடி ஒளிஞ்சிராதீங்க."