ஓம் டிவிஷன்

எந்த ஊர் என்று பாப்பம்மா அக்காவிடம் யாராவது கேட்டால், முந்தானையைச் சரிசெய்துகொண்டுதான் பதில் சொல்வார். "ஓம் டிவிஷன்." சிடாம் கிரி பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் மூன்று டிவிஷன்கள். மற்ற இரண்டுக்கும் மேல், கீழ் என்று ஏனோதானோவென்று பெயர். எங்களுடையதற்கு மட்டும் சாமி பெயர். பிள்ளையார் கோயிலைப் பார்த்து மனம் இளகி வெள்ளைக்காரத் துரையே வைத்தது என்பது அக்காவின் கட்சி.

சாலையோரப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததே, யாரும் படிக்கவில்லையா என்று கேட்காதீர்கள். படித்தோம். முன்னால் ஒரு எச் இருக்கிறதே என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டால், "வெள்ளக்காரனுக்கு ஓம் சொல்ல வருமா? மூச்சு வாங்கும்ல, அதுக்குத்தான் அந்த எழுத்து" என்று வாயை அடைத்துவிடுவார். சிரித்துவிட்டு நாங்களும் நம்பினோம். கோயில் நுழைவாயில் வளைவிலும் 'ஓம் டிவிஷன்' என்று சிவப்புச் சாயத்தில் எழுதிவைத்தோம்.

அக்கா செம்பனைக்காட்டில் களைக்கு மருந்தடித்தே காலம் தள்ளியவர். கைவிரலில் உருப்படியான நகம் ஒன்று கிடையாது. அவர் கணவர் அய்யாவு அண்ணன் கம்பெனி கொடுத்த லயத்து வரிசை வீட்டில்தான் செத்தார், பிள்ளை இல்லை. தானும் அதே வீட்டில் கண்ணை மூடவேண்டும், அவ்வளவுதான் அக்கா கேட்டது. ரொம்பப் பெரிய ஆசை, பாருங்கள்!

போன வருடம் கம்பெனி அந்த நிலத்தை வீடு கட்டி விற்கிறவர்களிடம் கொடுத்துவிட்டது. லயத்தில் மிச்சமிருந்த குடும்பங்கள் கிளம்பவேண்டும் என்றார்கள். ஆளாளுக்கு மூட்டை கட்டினோம். அக்கா ஒரு சட்டியைக்கூடத் தொடவில்லை. "சாமி பேருல உள்ள எடம்லா. எவன் கை வைக்கிறான்னு பாத்துருவோம்" என்று மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நம்பிக்கைக்கும் ஓர் அளவு வேண்டாமா?

கம்பெனி சார்பில் பேச சசிதரன் என்ற அதிகாரி வந்தார். நம் ஆள்தான், கெட்டவர் இல்லை. கோயில் வளைவுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். அக்கா மேலே இருந்த எழுத்தைக் காட்டி, "தம்பி, மொதல்ல இதப் படிங்க" என்றார்.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "ஆன்ட்டி, இது ஓம் இல்லலா. ஹோம். இங்கிலீஷ். ஹோம்னா வீடு."

அக்கா விழித்தார். பிறகு முகம் மலர்ந்ததே ஒரு மலர்ச்சி, சாமி கைவிட்டுப் போனதுகூட அவருக்கு உறைக்கவில்லை. என்னைப் பிடித்து உலுக்கினார். "வீடா! கேட்டியா ஜெயமலரு? வீடுன்னே பேரு வச்சிருக்கான்! அப்ப இது எங்க வீடுதானே தம்பி? உங்க கம்பெனியே ஒத்துக்கிட்ட மாதிரிதானே?"

ஒரு சொல்லை வைத்து யாரும் வீட்டை எழுதித் தரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சசிதரன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் குனிந்து தன் காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்தார். "அப்படி இல்ல ஆன்ட்டி. மேனேஜர் பங்களா எந்தப் பக்கம் இருக்கோ, அதைத்தான் எஸ்டேட்ல ஹோம் டிவிஷன்னு சொல்வாங்க. தொரை வீடு இருக்கிற டிவிஷன். வேற ஒண்ணுமில்ல."

"அப்ப எங்க லயம்?"

"லயம்... லயம்தான் ஆன்ட்டி."

அந்த மனிதர் உண்மையைத்தான் சொன்னார். இருந்தாலும் அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஒரு கிழவிக்காகக் கொஞ்சம் மழுப்பினால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஓம் என்றே நம்பியிருந்தால் அக்கா லயத்தை இடிக்க வரும் இயந்திரத்துக்கு முன்னால் போய்ப் படுத்திருப்பார், எங்களையும் இழுத்துப் போட்டிருப்பார். அவரோ எழுந்து போய்க் காயாத மிளகாயை அள்ளினார். அன்று மாலையே பானைகளைக் கட்டிவிட்டார். லயத்தை இடித்தபோது பார்க்கக்கூட வரவில்லை.

இப்போது சுங்கை பட்டாணி டவுனில் அடுக்குமாடி வீடொன்றில் என்னோடு இருக்கிறார். சன்னல் பக்கம் போவதில்லை; சாமி கும்பிடுவதில்லை. போன வாரம் எதிர்வீட்டு வாசுகி பலகாரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பேச்சுக்குத்தான் கேட்டாள்: "முன்ன உங்க வீடு எங்கக்கா?"

அக்கா முந்தானையைத் தொடவில்லை.

"எனக்கு ஏதும்மா வீடு?" என்றார். "தொரை வீட்டுக்குப் பக்கத்துல இருந்தேன்."