சைகோனுக்குப் பார்த்த புத்தகம்

கிறிஸ்துதாஸ் கடலூரைத் தாண்டிப் போனதில்லை. அதுவும் ஒரு சாவுக்குப் போய்விட்டு அன்று மாலையே திரும்பிவிட்டார். ஆனால் நார்வேயில் எந்த மாதம் பனி உருகும், அல்ஜியர்ஸ் கடைத்தெருவில் காலையில் என்ன விற்கும் என்று கேட்டால், நேற்றுத்தான் அங்கிருந்து வந்து இறங்கியவர் மாதிரிச் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். அதுதான் தொல்லை.

மாதா கோயிலுக்குப் பின்னால், எங்கள் சபை நடத்திய படிப்பகத்துக்கு அவர் பொறுப்பாளர். பிரெஞ்சு மரியாதையில் ஊரே அவரை 'முசே' என்று கூப்பிடும். இரண்டு அறை, ஏழு அலமாரி. பெரும்பாலும் பிரெஞ்சுப் புத்தகங்கள், கொஞ்சம் தமிழ். எழுதியவர் பெயர்ப்படி அடுக்குவதுதான் எங்கும் வழக்கம். இவர் தேசப்படி அடுக்கியிருந்தார். வருகிறவர் முகத்தைப் பார்த்து, அவருக்கு எந்தத் தேசம் என்று இவரே முடிவு செய்வார். ரொட்டிக்கடைக்காரருக்குக் கிரீன்லாந்து கொடுத்தார். நாளெல்லாம் அடுப்பில் வேகிறவர் கொஞ்சம் குளிர்ந்துவிட்டு வரட்டும் என்றார். நான் கொலைக்கதை கேட்டுப் போனபோது, பெரு நாட்டு மலையில் கழுதை ஓட்டுகிற ஒருவனின் கதையைக் கையில் திணித்தார். முந்நூறு பக்கமும் கழுதைதான். கீழே வைக்க முடியாமல் படித்துத் தொலைத்தேன் என்பதில் எனக்கு இன்னும் எரிச்சல்.

எனக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலேறுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் எழுதுவது. கரையிலிருந்து கப்பலுக்கு ஆளேற்றிப் போகிற சலங்குப் படகில் யார் ஏறினார்கள், யார் வரவில்லை என்று கடல் பாலத்தின் முனையில் நின்று சரிபார்க்க வேண்டும். அதனால்தான் இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு வந்து சேர்ந்தது.

எங்கள் ஊரும் சைகோனும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த அந்தக் காலத்தில், எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் பையன் கொஞ்சம் பிரெஞ்சு படித்துவிட்டால் சைகோனுக்குப் போவான். சுங்கத்தில், போலீஸில், சிறைச்சாலையில் ஏதாவது ஒரு வேலை கிடைக்கும். பெற்ற மகனைக் கடல் தாண்டி அனுப்புகிறவளுக்கு நல்லது கெட்டது தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? ஜாதகம் பார்க்கப் போனால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் வறுத்தெடுத்துவிடுவார். அதற்கு யாரோ ஒரு புண்ணியவதி வழி கண்டுபிடித்தாள். கிறிஸ்துதாஸிடம் போய்ப் "புத்தகம் பார்ப்பது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தாயும் மகனும் வந்து பெஞ்சில் உட்காருவார்கள். பையன் போகிற ஊரைச் சொல்வான். கிறிஸ்துதாஸ் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தத் தேசத்து அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வருவார். சட்டென்று எடுத்தால் பயணம் சுகம். தயங்கினால் தாயின் உதடு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்துவிடும். ஒல்லிப் புத்தகம் கொடுத்தால் சீக்கிரம் திரும்புவான், தடித்தது கொடுத்தால் அங்கேயே பெண் கட்டிக்கொள்வான் என்றெல்லாம் இவர்களாகவே ஒரு சாத்திரம் கட்டிவைத்திருந்தார்கள்.

போய் இறங்குகிற ஊரைப் பையன் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இவர் புத்தகம் கொடுக்க ஆரம்பித்தது. இவர்கள் சாத்திரத்தைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு, சொல்வதற்கு வருத்தமாக இருக்கிறது, அது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. நீங்கள் என்ன குறிசொல்கிறவரா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். இந்தச் சாக்கில் ஒரு புத்தகமாவது படிக்கிறான், உனக்கென்ன நஷ்டம் என்றார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை ஆனந்தமேரி தனியாக வந்தாள். நெல்லித்தோப்புக்காரி. விதவை. வெள்ளைக்காரர் வீடொன்றில் சமையல் செய்து தன் ஒரே மகன் பிரான்சுவாவைப் படிக்கவைத்தவள். அவனுக்குப் பத்தொன்பது வயது. சைகோன் சுங்கத்தில் இருந்த மாமன் வேலைக்குச் சொல்லிவைத்து, வியாழக்கிழமைக் கப்பலில் வரும்படி கடிதம் போட்டிருந்தான். பிரான்சுவாவின் பெயரை நான் பட்டியலில் எழுதியும் ஆயிற்று.

அவள் உட்காரவில்லை. முந்தானையை முறுக்கிக்கொண்டே பேசினாள்.

"முசே, ஞாயித்துக்கெழம எம்புள்ளய இட்டாறேன். நல்ல புஸ்தகமா குடுத்துடாதீங்க. நான் போவாதன்னா கேக்கமாட்டான். நீங்க சொன்னா நிப்பான். அவன் போயிட்டா நான் யார் மொகத்தப் பாத்துகினு இருப்பேன்?"

கிறிஸ்துதாஸ் மேசையிலிருந்த புத்தகங்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். பிறகு "ஆவட்டும்" என்றார். நான் அங்கேதான் இருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். அடுத்தவர் வீட்டு விஷயம் என்று எழுந்து போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரான்சுவா சலவைச் சட்டையோடு வந்தான். சைகோன் என்று சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு பொங்கியது. கிறிஸ்துதாஸ் அலமாரிக்குப் போனார், வெறுங்கையோடு வந்தார். மறுபடி போனார். மூன்றாம் தடவை ஒரு கறுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்து வந்தார். ரப்பர்த் தோட்டத்துக்குப் போன நாற்பது பேரைக் காட்டுக் காய்ச்சல் ஒவ்வொருவராகக் கொண்டுபோகிற கதை. கடைசி அத்தியாயத்தில் குழி வெட்டுவதற்கும் ஆள் இருக்காது. நானும் படித்திருக்கிறேன், இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"பிரான்சுவா, இதப் படி. அந்த ஊரு உனக்கு ஒத்துக்காது."

பையன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. ஆனந்தமேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை அவன் பாலத்துக்கு வரவில்லை. கடைசிச் சலங்கு கிளம்புகிற வரைக்கும் பார்த்தேன். பிறகு அவன் பெயரின் மேல் கோடு போட்டேன்.

கார்த்திகைக்குள் அவன் பஞ்சாலையில் சேர்ந்துவிட்டான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆனந்தமேரி படிப்பகத்துக்கு ஒரு தட்டு பலகாரம் கொண்டுவந்து வைத்தாள். நானும் தின்றேன்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதவேண்டிய தேவையில்லை. அந்தப் புத்தகத்தால் பிரான்சுவாவுக்குப் படிக்கிற பைத்தியம் பிடித்துவிட்டது. சனிக்கிழமை தோறும் ஆலைச் சங்கு ஊதியதும் தலையிலும் புருவத்திலும் பஞ்சோடு வந்து நிற்பான். எந்தத் தேசம் என்றாலும் சரி, வாங்கிக்கொண்டு போவான். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேலை. முதலில் இருமல் வந்தது. பிறகு இருமல் நிற்கவில்லை. கிறிஸ்துதாஸுக்கு அவன்மேல் உயிர். அவன் இருமும்போதெல்லாம் இவர் தன் நெஞ்சைத் தடவிக்கொள்வார்.

அடுத்த வருஷத்திலேயே ஆலைகளில் வேலைநிறுத்தம், கூட்டம், கைது என்று ஆரம்பித்தது. பிரான்சுவா முன்வரிசையில் நின்றான். கிறிஸ்துதாஸுக்குத் தூக்கம் கெட்டுப்போயிற்று. அவன் பெஞ்சில் உட்காரும் முன்னே, தயங்காமல், கையில் தயாராக ஒரு புத்தகத்தை நீட்டத் தொடங்கினார். ஒரு வாரம் மார்செய். மறுவாரம் ரெயூனியோன் தீவு. அதற்கடுத்து மதகாஸ்கர். எல்லாம் நல்ல முடிவுள்ள கதைகள். போனவன் பிழைக்கிற, வீடு கட்டுகிற, பிள்ளை பெறுகிற கதைகள். ஒரு மனிதனை ஊரைவிட்டுக் கிளப்ப எத்தனை புத்தகம் உண்டோ அத்தனையும் கொடுத்தார். அவன் சந்தோஷமாகப் படித்துவிட்டு, சந்தோஷமாகத் திருப்பிக் கொடுத்தான். கடைசியில் இவரே மார்செய்க்குப் போகிறாயா, பாதிரியாரிடம் கடிதம் வாங்கித் தருகிறேன் என்று நேராகக் கேட்டார். கப்பலேறினால் எனக்கு ஆகாதென்று நீங்கள்தானே முசே பார்த்துச் சொன்னீர்கள் என்று சிரித்தான் அவன்.

அன்று என்னிடம் வந்து புலம்பினார். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். அவன் தாயை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்றார். தாயைச் சொல்லவேண்டாம், உங்களைச் சொல்லுங்கள் என்றேன். அதற்கு அவருக்கு மேலும் எட்டு மாதம் பிடித்தது.

முப்பத்தாறு ஜூலைக் கடைசி. வேலைநிறுத்தக்காரர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். தெருவெல்லாம் சொல்தா என்கிற பிரெஞ்சுச் சிப்பாய்கள், தோளில் துப்பாக்கியோடு. பெரிய மார்க்கெட்டில் பாதிக் கடைகள் திறக்கவில்லை. கிறிஸ்துதாஸ் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். சாயங்காலம் ஆலைப் பக்கச் சுவரோரம் போனோம். உள்ளே இருக்கிறவர்களுக்குச் சோறு கொண்டுவந்த பெண்கள் கம்பிக் கதவருகே நின்றிருந்தார்கள். சொல்லியனுப்பியதும் பிரான்சுவா வந்தான். மெலிந்திருந்தான், கண் மட்டும் பளிச்சென்று இருந்தது.

கிறிஸ்துதாஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அன்னிக்கி நான் சொன்னது பொய். சைகோன் உனக்கு ஒத்துக்கும். எல்லா ஊரும் ஒத்துக்கும். வேணும்னே அந்தப் புஸ்தகத்த எடுத்தேன். வெளிய வந்துடு, நாளைக்கே போயிடலாம்."

பிரான்சுவா அவரையே பார்த்தான். அவன் கோபப்படுவான் என்று நான் நினைத்தேன். கோபப்பட்டிருக்கக் கூடாதா?

"என்ன வெளிய கூப்புடறதுக்காவ இப்பிடிச் சொல்றீங்க. நீங்க பொய் சொல்லமாட்டீங்க முசே. வீட்டுக்குப் போங்க, இருட்டுது."

அவனே திரும்பி உள்ளே போய்விட்டான். கிறிஸ்துதாஸ் கம்பியை விடவில்லை, நான்தான் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

மறுநாள் சுட்டார்கள். துறைமுகம் வரைக்கும் சத்தம் கேட்டது. பிரான்சுவாவுக்கு வயிற்றில் பட்டது. நெல்லித்தோப்புக்குத் தூக்கிவந்து, வீட்டில் பாயில் போட்டார்கள். பொழுது சாய்கிற வரைக்கும் உயிர் இருந்தது.

அடக்கத்துக்குக் கிறிஸ்துதாஸ் வந்தார், ஆனால் கல்லறை வாசலோடு நின்றுவிட்டார். ஆனந்தமேரி தன்னைப் பார்த்துக் கேட்கப்போகிற கேள்விக்காக ஒரு மாதம் காத்திருந்தார். கேட்கட்டும், காறித் துப்பட்டும், அப்போதுதான் எனக்கு விடியும் என்று என்னிடம் சொன்னார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அவள் படிப்பகத்துக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை. பெஞ்சில் வேறொரு தாயும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். கிறிஸ்துதாஸ் எழுந்து நின்றார். அடிக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார். அவள் அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கண்காணாத ஊர்ல போயிருந்தா எம்புள்ள மொகத்த நான் பாத்திருப்பனா முசே? எம்மடியில தலைய வச்சிகினுதான் போனான். நீங்க நிறுத்திக் குடுத்தீங்க. ஆண்டவர் உங்களுக்கு ஒரு கொறையும் வைக்கமாட்டாரு."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்லவில்லை. சொன்னால் அவளிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டதாகிவிடும் என்பது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். கிறிஸ்துதாஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பெஞ்சில் இருந்தவள் இதையெல்லாம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது. எழுந்துவந்து, மகனைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"ஹனோய்க்குப் போறான் முசே. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

கிறிஸ்துதாஸ் எழுந்திருக்கவில்லை.