பொட்டு வைத்த டிஸ்க்

எங்கள் மகள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. வடிவுடையம்மன் ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். கும்பிடுவதை விடவில்லை.

அவள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து, பிள்ளைகளின் அம்மாக்கள் போனுக்கு அனுப்புவாள். எங்கள் வீட்டில் கூடத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான். பாதிப் பாடத்தில் குக்கர் விசில் அடிக்கும். "யம்மா, குக்கர நிறுத்து! ரெக்கார்டிங் போய்கினு கீது!" என்று கத்துவாள். என் மனைவி கரண்டியோடு ஓடுவாள்.

அனுப்பும்போது அந்த இடங்களை வெட்டிவிடுவாள். வெட்டாத பதிவு கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. பாடம் இன்றைக்கும் யார் யார் போனிலோ இருக்கும். எங்களுக்கு வேண்டியது அந்தத் திட்டுதான். தினமும் விளக்கேற்றியதும் மனைவி அதில் ஒன்றைப் போடச் சொல்லிக் கேட்பாள்.

என் மச்சான், மனைவியின் தம்பி, கடைகளுக்குக் கேமரா மாட்டுகிறவன். ஒருநாள் வந்தவன் கம்ப்யூட்டரில் காதை வைத்தான். "இன்னா மாமா, டிஸ்க் டக்கு டக்குனு அடிச்சுக்குது. பூட்ச்சுனா பேஜாரு. இன்னொண்ணு வாங்கி ரெய்டு கார்டு மாட்டிடலாம்."

"ரெய்டா? போலீசு வருமா?" என்றேன்.

"ஐய, மாமா! ஒண்ணுல கீறத இன்னொண்ணுலயும் அப்டியே எழுதிக்கினே இருக்கும். ஒண்ணு செத்தாலும்..." என்றவன் அக்கா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை கார்டோடு வந்தான். கூட வாங்கி வந்த புது டிஸ்க்கும் பழையது போலவே, அதே கம்பெனி, அதே அளவு. சாத்தாங்காட்டில் இரும்புக் கடை எடைமேடையில் எனக்கு வேலை. அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். பழைய டிஸ்க்கைக் கழற்றி மேஜையில் வைத்தான். போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் காய்ந்து ஒட்டியிருந்தன. வெளி டப்பாவுக்கு வைத்தால் போதுமா, உள்ளே இருப்பதுதானே உழைக்கிறது என்று அப்போது மனைவிதான் திறக்கச் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு மாமா. பொட்டு வெச்சது பழசு" என்று சொல்லிவிட்டு, குறைந்த ஒயரை வாங்கக் கடைக்குப் போனான். தண்ணி லாரி வந்தது, நான் குடத்தோடு கீழே இறங்கினேன்.

நாங்கள் இல்லாதபோது நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுப்படியில் இருந்த மனைவி காதில் மச்சான் சொன்னது விழவில்லை. புதுச் சாமான் வீட்டுக்குள் வந்தால் பொட்டு வைக்காமல் அவள் விடமாட்டாள். பழையதன் காய்ந்த பொட்டைத் துணியால் துடைத்தாள், புதிதாக வைக்கத்தான். முதலில் புது டிஸ்க்குக்கு வைத்தாள். பழையதுக்கு வைக்கக் கை போகும்போது குக்கர் விசில் அடித்தது. ஓடிவிட்டாள்.

திரும்பி வந்த மச்சான் ஒன்றில் ஈரமான பொட்டைப் பார்த்தான். அக்கா பழசுக்கே மறுபடி வைத்திருக்கிறாள் என்று நினைத்தான். இரண்டையும் மாட்டி, பொட்டு வைத்ததிலிருந்து மற்றதுக்கு எழுது என்று கார்டுக்குச் சொன்னான். காலியாக இருந்தது, எங்கள் பிள்ளை இருந்ததன் மேல் எழுதிக்கொண்டே போனது. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

விளக்கு வைத்த பிறகு திறந்தால் ஒன்றுமே இல்லை. மச்சான் டப்பாவைத் திறந்தான், நான் டார்ச் பிடித்தேன். டிஸ்க்கின் நம்பரைப் பார்த்தான், பொட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்கும் புரிந்துவிட்டது. பின்னால் அவள் நின்றிருந்தாள்.

"நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்க்கா" என்றான்.

"பாவி, எம் புள்ள கொரல அழிச்சிட்டியேடா!" என்று அவன் முதுகில் அறைந்தாள். வாங்கிக்கொண்டான். பிறகு எத்தனையோ கடைக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தான். மேலே எழுதிவிட்டால் திரும்ப வராது என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் அவனோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னால் இவள் தாங்கமாட்டாள், சொல்லாவிட்டால் அவன் சுமக்கிறான். அம்மன் சன்னதியில் நின்றாலும் எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஆயுத பூஜைக்கு அரிவாள்மணை, மிக்சி, என் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள்.

"இதுக்கு வேணாங்க" என்றாள். பிறகு, "அன்னிக்கு அவன் பொட்டத்தானே பாத்தான். பழசுல இருந்தத நான்தானே தொடச்சேன்" என்றாள்.

நான் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"தம்பிக்குப் போன் போடுங்க. சாப்ட வரச் சொல்லுங்க."

வந்தான். வாசலிலேயே நின்றான். "உள்ள வாடா. இன்னா இப்டி எளச்சுட்ட?" என்றாள். அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே அழுதான்.

அடுப்பில் குக்கர் புஸ்ஸென்று ஆவி விட ஆரம்பித்தது. விசில் வருவதற்குள் அவள் ஓடிப்போய் அடுப்பை நிறுத்தினாள். சோறு சரியாக வேகவில்லை. மூன்று பேரும் அதையே சாப்பிட்டோம்.