நுஸ்ரதுல்லோ எழுதிய இரண்டு ஷேக்குகள்

உஸ்பெகிஸ்தானின் புகாரா நகரில் நாவலாசிரியர் நுஸ்ரதுல்லோவைத் தெரியாதவர்களே அதிகம். அதையும் அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். சோவியத் காலத்தில் அவர் எழுதிய நாவலில் ஒரு சூஃபி ஷேக் வருவார். தொப்பை, பேராசை, திருட்டு, புளுகு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அப்படி எழுதினால்தான் அச்சேறும். ஆனால் ஆள் கற்பனை இல்லை. பக்கத்து வீட்டு ஷேக் பதுருத்தீன்தான். நுஸ்ரதுல்லோ சிறுவனாக இருந்தபோது ஷேக்கை சோவியத் போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை.

காலம் மாறியது. கதைகளில் ஷேக்குகளெல்லாம் மகான்களானார்கள். நம்ம ஆள் விடுவாரா? அதே ஷேக்கை வைத்து இன்னொரு நாவல் எழுதி முடித்தார்.

"அப்ப தொப்பை வச்சேன், இப்ப ஒளிவட்டம் வச்சிருக்கேன். ரெண்டுக்கும் ஒரே மானங்கெட்ட பேனாதான்" என்று தேநீர்க்கடையில் சொல்லிச் சிரித்தார். வீறாப்பெல்லாம் வெளியில்தான். ஷேக்கின் மகள் மஸ்தூரா அக்கா சரியென்று ஒரு வார்த்தை சொல்லாமல் அதை அச்சுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்.

அக்கா ரொட்டியைப் பிட்டு வைத்து, திரும்பத் திரும்ப ஊற்றி உபசரிக்கும் அந்த ஊர் மரியாதைப்படி, கிண்ணத்தில் கொஞ்சமே தேநீர் ஊற்றினாள். அவர் புதிய நாவலைப் படித்தார். ஷேக் பட்டினி கிடந்தார், பகைவரை மன்னித்தார், தோளில் புறாக்கள் வந்து உட்கார்ந்தன. அக்கா முக்காட்டுக்குள் கொட்டாவி விட்டாள்.

"யாரு தம்பி இவரு?"

"உங்கப்பாதான் அக்கா."

"எங்கப்பாவா? அவருக்குப் பசி தாங்காதே. நோன்பு மாசத்துல சாயங்காலம் ஆனா வீடே நடுங்கும்."

எழுந்துபோய்ப் பழைய நாவலை எடுத்துவந்தாள். அட்டை போய், தையல் விட்டிருந்தது. நுஸ்ரதுல்லோவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"முலாம்பழம் திங்கிற பக்கத்தைப் படி."

"வேண்டாமே அக்கா. கேவலமா எழுதியிருக்கேன்."

"படின்னா படி."

படித்தார். ஷேக் தாடியில் சாறு வழிய, தோல்வரை சுரண்டித் தின்கிறார். பிள்ளைகள் வருவதைப் பார்த்துக் கடைசித் துண்டை அங்கிக்குள் ஒளிக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தும்மி மாட்டிக்கொள்கிறார். அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திருடன்னு எழுதினியே, அது பொய். மத்ததெல்லாம் எங்கப்பாவேதான். வீட்ல அவரு படம் ஒண்ணுகூட இல்ல தம்பி, அவரைப் பிடிச்சுட்டுப் போன அன்னிக்கே எல்லாத்தையும் எரிச்சுட்டாங்க. அவரைப் பாக்கணும்னா இதைத்தான் எடுப்பேன்."

நுஸ்ரதுல்லோ பழைய நாவலை மூடி வைத்தார். புதிய தாள்களை மெல்லச் சுருட்டினார்.

"இதைத் திருத்தி எழுதிடறேன் அக்கா. பழம், தும்மல் எல்லாம் போட்டு."

"வேண்டாம்ப்பா. இப்ப நீ நல்லவனாயிட்டே. உனக்கு வராது."