இரண்டு பிள்ளைகள் என்று சொன்னவள்

மேபல் ஸ்டபிங்ஸ் பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. லண்டனில் வாடகைக்கு அறை தேடித் தேடித்தான் அந்தப் பழக்கம் வந்தது. மூன்று பிள்ளைகள் என்றால் எந்த வீட்டுக்காரியும் கதவை முழுசாகத் திறக்க மாட்டாள். இரண்டு என்றால் கொஞ்சம் யோசிப்பாள். அதனால் மேபல் இரண்டு என்றே சொல்வாள். குடியேறி ஒரு வாரம் ஆனதும் மூன்றாவது பிள்ளை அத்தை வீட்டிலிருந்து வந்து சேரும். எங்கள் ஹாக்ஸ்டன் தெருவில் இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. நாங்களும் அதைத்தான் செய்தோம்.

தெருக்கோடி வீட்டின் மாடியில் அவளுக்கு இரண்டு அறைகள். கணவன் ஆல்ஃபுக்கு நாற்காலிப் பட்டறையில் வேலை. ஜார்ஜுக்கு ஒன்பது வயது, வின்னிக்கு ஏழு, லென்னுக்கு இரண்டு. மூவருக்கும் பின்னறையில் ஒரே கட்டில். அந்த அறைச் சுவரில் கோடையிலும் ஈரம் கசியும். வின்னிக்கு இருமல் விட்டபாடில்லை. "மருந்து கிடக்கட்டும், முதல்ல அந்த ஈரத்தை விட்டு இவளைக் கொண்டு போம்மா" என்று தர்ம ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். எங்கே கொண்டுபோவது என்று அவர் சொல்லவில்லை.

முப்பத்தாறாம் வருஷம் பிப்ரவரியில், வீடுகளில் எவ்வளவு நெரிசல் என்று கணக்கெடுக்க நகரசபை ஆள் அனுப்பியது. ஒருவர் அளவு நாடாவும் நோட்டுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார். அவர்கள் கணக்கே தனி. இரண்டு அறை என்றால் மூன்று ஆள் வரை நெரிசல் இல்லை. சமைத்துச் சாப்பிடுகிற அறையும் படுக்கிற அறைதானாம். பத்து வயது ஆகாத பிள்ளை அரை ஆள். ஒரு வயது ஆகாதது ஆளே இல்லை. இந்தக் கணக்கைப் போட்ட மகராசன் மூன்று அரை ஆட்களோடு ஒரு கட்டிலில் படுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

நெரிசல் என்று எழுதிவிட்டால் வீட்டுக்காரனுக்கு அபராதம், அவன் நம் சாமானைத் தெருவில் வீசுவான் என்று பேச்சு அடிபட்டது. எதிர் அறை ஃப்ளோ பெர்கின் மட்டும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கும் மூன்று பிள்ளைகள்.

"ஏண்டி மேபல், உள்ளதைச் சொல்லித் தொலையேன். புது வீடு குடுக்கத்தான் கணக்கு எடுக்கறாங்களாம். எம் புருஷன் பேப்பர்ல படிச்சாரு."

"உனக்கென்ன, பேப்பர் படிக்கிற புருஷன் வாய்ச்சிருக்கான். நான் மூணு தடவை மூட்டை முடிச்சோட தெருவுல நின்னவடி."

நாடாக்காரர் வந்த அன்று நல்ல மழை. ஜார்ஜை ஒளித்தால் உளறுவான். லென்னை ஒளித்தால் அழுவான். சொன்ன பேச்சைக் கேட்பவள் வின்னிதான்.

"கண்ணு, கீழே துணி துவைக்கிற கொட்டகையில போய் இரு. நான் கூப்பிடற வரைக்கும் மேலே வரக்கூடாது."

வின்னி ஏன் என்று கேட்கவில்லை. சால்வையை எடுத்துக்கொண்டு போனாள்.

"எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டார் அவர்.

"ரெண்டுதாங்க."

பெரியவர்கள் இரண்டு, அரை ஆள் இரண்டு, ஆக மூன்று. நெரிசல் இல்லை. இன்னும் அரை ஆள் இருந்திருந்தால் போதும், நெரிசல் என்று புது வீட்டு வரிசையில் பெயர் ஏறியிருக்கும். மேபலுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. பிழைத்தோம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஆடி அசைந்து ஜூன் மாதம் ஃப்ளோவுக்குப் புது வீடு வந்தது. காய்ந்த சுவர், குளிக்கத் தனி அறை, வெயில் விழுகிற ஜன்னல். அவள் சாமான்களைக் கீழே இறக்க மேபல்தான் கைகொடுத்தாள். வண்டி போன பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாவி, அந்த ஜன்னலோரம் வின்னி படுத்திருக்கலாமே, என் வாயாலேயே கெடுத்தேனே என்று அவள் அழுததை நான் பார்த்தேன்.

மறுநாளே நகரசபை அலுவலகத்துக்கு ஓடினாள்.

"ரெண்டுன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே?" என்றார் எழுத்தர்.

"பயத்துல சொல்லிட்டேங்க. மூணுங்க. நடுவுல உள்ளவளுக்கு நெஞ்சு சரியில்லீங்க."

"மறுபடி ஆள் வந்து பார்த்து எழுதினாத்தான் உண்டு. வருவாங்க."

அக்டோபரில்தான் வந்தார்கள். அதற்குள் வின்னி ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்கப் பழகியிருந்தாள். அதே நாடாக்காரர்தான். மேபல் லென்னுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் வின்னியைக் காணோம். கீழே படிக்கட்டில் பேச்சுக் குரல் கேட்டது.

"நீ இந்த மாடி வீட்டுப் பொண்ணாம்மா?"

"இல்லீங்க. அவங்களுக்கு ரெண்டே பிள்ளைங்கதாங்க. நான் பக்கத்துத் தெரு."

மேபல் தடதடவென்று இறங்கினாள். "ஐயா, அவ என் பொண்ணுங்க! நான் பெத்தவதாங்க! நான்தாங்க முன்னாடி பொய் சொன்னேன்!"

அவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பேனாவைத் திறந்து, சுவரில் நோட்டை வைத்து, மூன்று என்று எழுதிக்கொண்டார். வரிசையில் கடைசிதான், அடுத்த வருஷம் ஆகலாம் என்றார். மேபல் அதற்கும் கும்பிடாத குறையாக நன்றி சொன்னாள்.

அவர் போனதும் வின்னி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னையும் எழுதிட்டாரேம்மா. இப்ப என்னை எங்கே அனுப்பப் போறாங்க?"