நிறைகுடம் வைத்த வாசல்

நீர்வேலியில் பாலேஸ்வரியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் அவளுடைய கால்களைத்தான் முடக்கியது. நாக்குப் பக்கம் அது போகவேயில்லை. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சில்லு வண்டியில் சந்தைக்குப் போவாள், தைத்த சட்டைகளை வீடு வீடாகக் கொடுப்பாள். ஊர் வாசிகசாலைக்குள் மட்டும் போக முடியாது. அங்கே உயரமான படிகள். யாராவது மனமிரங்கி, தாங்கள் வாசித்து முடித்த பிறகு, அவளுக்கு இது போதும் என்று நினைத்ததைக் கீழே கொண்டுவந்து தருவார்கள். பெரும்பாலும் சமையல் குறிப்பு. அவளுக்கு வேண்டியதோ அன்றைய பேப்பர், அதுவும் கசங்காமல்.

தொண்ணூறில், போரில் குண்டு விழுந்து வாசிகசாலையின் முன்பக்கம் இடிந்தது. இரண்டு வருடம் கழித்துத் திருப்பிக் கட்ட ஊர் கூடியபோது, தன் வண்டி ஏற ஒரு சரிவுப் பாதை வேண்டும் என்று பாலேஸ்வரி கேட்டாள். வாசிகசாலைச் செயலாளர் பஞ்சலிங்கம் நல்ல மனிதர்தான், ஆனால் கட்டடத்தின் வடிவில் உயிரையே வைத்திருந்தார். முகப்புக் கெட்டுவிடும், பின்னால் கிணற்றடிப் பக்கம் கட்டுவோம், இல்லாவிட்டால் ஊரின் இளம் பெடியள் தூக்கிக்கொண்டு போவார்கள் என்றார்.

"நான் என்ன திருவிழாச் சாமியே, தோளிலை தூக்கிறதுக்கு? முன்வாசலாலை, என்ரை வண்டியிலை, நானே வருவன்."

கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்த கையோடு சம்மதமும் சொல்லிவிட்டது. சீமெந்துக்குத் தடை இருந்த காலம். மேசன் சீவரத்தினம் இடிந்த சுவரின் கற்களையே படிக்குப் பக்கத்தில் நிரப்பி, சுண்ணாம்பு பூசிப் பாதையை முடித்தார். பூச்சு இறுகட்டும் என்று திறப்பு விழா வரை ஒருவரையும் அதில் ஏறவிடவில்லை.

விழாவன்று பாலேஸ்வரி புதுச் சேலையில் வந்தாள். சரிவுப் பாதை தொடங்கும் இடத்தை மறித்து, வெள்ளைத் துணி விரித்த மேசையில் நிறைகுடமும் குத்துவிளக்கும் இருந்தன. கரடுமுரடான பூச்சு விருந்தினர் கண்ணில் படாமலிருக்கப் பஞ்சலிங்கம் செய்த வேலை அது. ஏற்றிய விளக்கை இடம் விட்டு அரக்கக்கூடாது, இன்றைக்கு மட்டும் பெடியள் தூக்கட்டும் என்று அவள் காதோரம் கெஞ்சினார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பாடுபட்டுக் கேட்டு வாங்கியது ஒரு மேசைத் துணிக்குப் பின்னால் கிடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறைகுடத்தைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"செயலாளர் அண்ணை பிழை விடேல்லை. நிறைகுடம் வைச்ச இடந்தானே வாசல்? அப்ப விருந்தினரும் இதாலைதான் வரவேணும்."

கலியாண வீடானாலும் பள்ளிக்கூட விழாவானாலும் வந்தவர்களை நிறைகுடத்தடியில் வரவேற்பதுதானே எங்கள் வழக்கம்? இல்லையென்று யார் சொல்வது? பிரதம விருந்தினராக வந்த வினிபிரட் ரீச்சர் படியில் வைத்த காலை எடுத்து இந்தப் பக்கம் நடந்து வந்தார். பஞ்சலிங்கமே மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்து, விளக்கு அணையாமல் ஓரமாக வைத்தார்.

"நீர் முன்னாலை போம், பிள்ளை," என்றார் ரீச்சர்.

பாலேஸ்வரி கைப்பிடியைச் சுற்றினாள். நடுவழியில் சில்லு வழுக்கியது. தள்ளிவிடப் பல கைகள் நீண்டன. அவள் வேண்டாமென்று தலையசைத்ததும் எல்லாம் பின்வாங்கின. தோள் நரம்பு புடைக்கச் சுற்றி மேலே ஏறி நின்றபோது, தானே ஏறியதைப் போல ஊருக்கே பெருமை பிடிபடவில்லை. ரீச்சரும் மற்றவர்களும் அவள் பின்னால் அந்தப் பாதையிலேயே ஏறினார்கள்.

உள்ளே மேசையில், அச்சுத்தாளுக்கும் தடை என்பதால் பள்ளிக் கொப்பித் தாளில் அச்சடித்த அன்றைய பேப்பர் மடிப்புக் குலையாமல் கிடந்தது. அதைத் தானே எடுத்து விரித்தாள். ஊரில் பேப்பரை முதலில் வாசிக்கும் உரிமை தனக்கே என்று அதுநாள்வரை இருந்த பஞ்சலிங்கம் பக்கத்தில் வந்து நின்று, முன்பக்கத்தை மட்டும் கேட்டார்.

"இருங்கோ அண்ணை, வாசிச்சுப்போட்டுத் தாறன்," என்றாள் பாலேஸ்வரி.

அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக் காத்திருந்தார்.